உறையின் மேல் அவள் பெயர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி எழுகிறோம். கடல் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

முதலில் ஒரு திருத்தம். உன் சித்தி உன்னைக் கப்பலுக்குத் தொலைபேசியில் அழைத்து, எனக்கு எய்ட்ஸ் வந்துவிட்டது என்று அழுதாளாம். எனக்கு ஒன்றும் வரவில்லை. நோயின் பெயரையும் அவள் தவறாகச் சொல்லியிருக்கிறாள். கிருமிக்கு எச்.ஐ.வி. என்று பெயர். அதைக் கவனிக்காமல் விட்டு, உடம்பு சக்தியெல்லாம் இழந்த பிறகு வருவதுதான் மற்றது. தெரியாத விஷயத்துக்கு அழும்போதாவது சரியாக அழ வேண்டாமா? நான் சோதனை செய்துகொண்டது உண்மை. எனக்குக் கிருமி இல்லை என்று வந்ததும் உண்மை. ஆனால் இதை உனக்கு மட்டும்தான் சொல்கிறேன். நீ யாரிடமும் இதைத் திருத்தாதே, முக்கியமாக உன் சித்தியிடம். தெரு அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும். ஏன் என்று நீ கேட்பாய். வரிசையாகத்தான் சொல்வேன். கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

ஏழாம் மாதச் சோதனைக்கு உன் மனைவியைத் தாய்மார் மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப்போனேன். மூக்குக்கண்ணாடிக் கடை வேலையிலிருந்து நேராக வந்தாள். லென்ஸ் தேய்க்கும் வெள்ளைத் தூள் மணிக்கட்டில் அப்படியே இருந்தது. நீண்ட நடைக்கூடம், இரண்டு பக்கமும் பெஞ்சு, நடுவில் எடை பார்க்கும் எந்திரம். யார் ஏறினாலும் எடையைச் சத்தமாகச் சொல்கிறார்கள். அதை நான் அங்கேயே கண்டித்தேன். பிறகு ஒரு நர்ஸ் வந்து, எல்லாருக்கும் இரத்தம் எடுக்கப் போகிறோம், எச்.ஐ.வி.யும் பார்ப்போம், முதல் மாதங்களில் பார்த்து இல்லை என்று வந்தவர்களுக்கும் இன்னொரு முறை பார்ப்போம் என்றாள்.

பெஞ்சில் பெரிய கலவரம். எதிர்வீட்டுத் தையற்காரியும் தன் மருமகளோடு வந்திருந்தாள். அவள் எழுந்து நின்றே கேட்டாள்: “எங்களப் பாத்தா ஒனக்கு எப்படித் தெரியுது? கண்டவளுக்குப் பாக்கற டெஸ்ட எங்க வீட்டுப் பொண்ணுக்குப் பாப்பியா?” நர்ஸ் அசரவில்லை. “மந்திரி பொண்டாட்டி வந்தாலும் பாப்போம்மா. வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, கட்டாயம் இல்ல. எதுக்குன்னு கேட்டுட்டுச் சொல்லுங்க, அவ்வளவுதான்” என்றாள். வயிற்றுப் பிள்ளைக்குப் போகாமல் தடுக்க இப்போது வழி இருக்கிறது, ஆனால் இருப்பது தெரிந்தால்தான் தடுக்க முடியும் என்று விளக்கினாள். யாருக்கும் காதில் ஏறவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உன் மனைவி என் பக்கம் சாய்ந்து, “அத்தை, நமக்கு வேணாம். போன தடவ இல்லன்னுதான சொன்னாங்க? எல்லாரும் பாக்கறாங்க” என்றாள்.

நான் படித்த கான்வென்டில் தினமும் காலையில் சிஸ்டர் நகம் பார்க்க வருவார். தயங்குகிறவள் கையில்தான் அழுக்கு என்று வகுப்பே முடிவு கட்டிவிடும். அதனால் நான் முதல் ஆளாகக் கையை நீட்டுவேன். எனக்குப் பிறகு மற்றவர்களும் நீட்டுவார்கள். அதே நினைப்பில் எழுந்துபோய், முதலில் எனக்குப் பாருங்கள் என்று கையை நீட்டினேன்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். “பாட்டிம்மா, உங்களுக்கு எத்தனாவது மாசம்?” என்றாள். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. “எனக்குப் பாக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு? காட்டு” என்றேன். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. என் விரல் நுனியில் குத்தினார்கள். அதைப் பார்த்து உன் மனைவி எழுந்தாள். அவளுக்குப் பின்னால் தையற்காரியின் மருமகளும் எழுந்தாள், மாமியார் சேலையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல். அதற்குப் பிறகு வரிசையே வந்துவிட்டது.

முடிவைத் தனித்தனியாகத்தான் சொல்கிறார்கள். நான் குடும்பத்தின் பெரியவள், மருமகளின் முடிவையும் என்னிடமே சொல்லலாம் என்று அங்கிருந்த ஆலோசகரிடம் சொன்னேன். சின்னப் பெண்தான். “அது அவங்க ஒடம்பு பாட்டிம்மா. அவங்க சொன்னா நீங்க தெரிஞ்சுக்கலாம். கொஞ்சம் வெளிய இருங்க” என்று என்னைக் கதவுக்கு வெளியே விட்டாள். என்னை ஒரு அறையிலிருந்து வெளியேற்றிய இரண்டாவது ஆள் அவள். முதல் ஆள் மதர் சுப்பீரியர். அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவள் செய்ததுதான் சரி.

பக்கத்து அறையில் எனக்கு இல்லை என்று சொன்னார்கள். வெளியே வந்தேன். தையற்காரி காத்திருந்தாள். தன் மருமகளுக்கு இல்லை என்ற சேதியோடு இளைப்பாறிக்கொண்டிருந்தாள். “என்ன பெரியம்மா, என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள். பரீட்சை மதிப்பெண் சொல்கிற மாதிரி நிமிர்ந்து சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் எதிர்க் கதவு திறந்தது. உன் மனைவி வெளியே வந்து, கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு எதையும் செய்யவில்லை. அழக்கூட இல்லை. கதவை விட்டால் விழுந்துவிடுவோம் என்பதுபோல அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு இல்லை என்று நான் சொன்னால், அடுத்த கேள்வி அவளிடம்தானே போகும்? “அது என் சொந்த விஷயம்” என்று தையற்காரியிடம் சொல்லிவிட்டு, போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பார்த்தவர்களுக்கு, அதிர்ந்துபோன கிழவியை மருமகள் தாங்கிப்பிடித்து அழைத்துப்போவது போலத்தான் தெரிந்திருக்கும். தெருவுக்கு அந்தக் காட்சி போதுமானதாக இருந்தது.

மகனே, இப்போது உனக்குப் புரிந்திருக்கும். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

பேருந்தில் அவளைச் சன்னலோரம் உட்கார வைத்தேன். எதையும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கடினம் என்று உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, துண்டை முகத்திலிருந்து எடுக்காமலே சொன்னாள்: “அத்தை, எனக்கு இருக்காம். இன்னொரு விதமாவும் பாத்துட்டுத்தான் சொன்னாங்க. மொதல்ல இல்லன்னாங்களே அத்தை, இப்ப எப்படி வந்துச்சு?” துண்டுக்குள்ளிருந்தே அடுத்த கேள்வி வந்தது: “அவரு என்னைப் பத்தி என்ன நெனப்பாரு?”

அவள் கேட்டது அவ்வளவுதான். தனக்கு என்ன ஆகும் என்றுகூடக் கேட்கவில்லை. நீ என்ன நினைப்பாய் என்பதுதான் அவளுடைய பயம். இந்தக் கடிதத்தை ஒரு முறை கோபத்தில் எழுதிக் கிழித்துப்போட்டேன். அவள் முகத்தை மூடியிருந்த அந்தத் துண்டு நினைவுக்கு வந்ததால்தான் கிழித்தேன். இது இரண்டாவது.

மறுபடியும் போய் டாக்டரம்மாவைப் பார்த்தோம். அவள் விருப்பப்படி நானும் உள்ளே இருந்தேன். கேட்டதையெல்லாம் உனக்கு அப்படியே சொல்கிறேன். மாத்திரையை இப்போதே தொடங்கி, ஒரு நாளும் தவறாமல் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டும். கிருமி அடங்கும். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். பிறந்ததும் பிள்ளைக்குச் சில வாரம் மருந்து கொடுப்பார்கள், அதன் இரத்தத்தையும் அவ்வப்போது பார்ப்பார்கள். தாய்ப்பாலைப் பற்றி அப்போது அவர்கள் சொல்கிறபடி கேட்க வேண்டும், அக்கம்பக்கத்தார் சொல்கிறபடி அல்ல. இப்படியெல்லாம் செய்தால் பிள்ளை கிருமியில்லாமலே பிறந்து வளரும் என்று உறுதி தருவீர்களா என்று கேட்டேன். “கேரண்டி குடுக்க நான் பாத்திரக் கடை வெச்சிருக்கலியே பாட்டிம்மா” என்று சிரித்தார். “ஆனா மாத்திரைய விடாமப் போட்டா பயம் ரொம்ப ரொம்பக் கம்மி. கையில புள்ளையோட வந்து எனக்கு நன்றி சொன்னவங்க நெறையப் பேரு.” பொய்ச் சமாதானம் சொல்லாதவர் என்பதால் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

வீட்டில் இன்னொன்று நடந்தது. அவள் தனக்கென்று ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு சோப்பு எடுத்து, குளியலறைச் சன்னலில் தனியாக வைத்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. தானாகவே செய்தாள். தட்டாலும் தம்ளராலும் இது ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்தவள்தான். காது கேட்டது, மனம் கேட்கவில்லை. நான் வாயால் சொன்னால் அது இன்னொரு பாடமாகிவிடும். என் நீல விளிம்புக் கோப்பை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பாகூட அதைத் தொட்டதில்லை. நீ ஒரு முறை அதில் பல் துலக்கியதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டாய். மறுநாள் காலை அதில் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். கையில் வாங்கி வைத்துக்கொண்டே இருந்தாள். “ஆறிப்போகுது” என்றேன். பாதி குடித்தாள். மீதியை நான் வாங்கிக் குடித்தேன். என் வாழ்நாளில் ஒருவர் வைத்த மிச்சத்தை நான் குடித்ததில்லை. சர்க்கரை அதிகமாகத்தான் இருந்தது. அவள் எழுந்துபோய்ச் சன்னலிலிருந்த தட்டை எடுத்து அடுக்கில் சேர்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அது வேறு மாதிரி அழுகை என்பதால் நான் தொந்தரவு செய்யவில்லை.

மாத்திரை நேரத்துக்கு, நம் தட்டச்சுப் பள்ளியின் பழைய பித்தளை மணியை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். தினமும் மாலையில் ஒரு முறை அடிப்பேன். வகுப்பு முடிந்தது என்று உன் அப்பா அடிப்பாரே, அதே அடி. அவள் எந்த வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டு வந்து விழுங்குவாள். தெருவில் அதைக் கிழவியின் மருந்து மணி என்கிறார்களாம். தையற்காரி அந்த மணியைக் கேட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்கிறாளாம். மாத்திரை வாங்கவும் நானே போகிறேன். அவள் போனால் அவளுடைய கடை முதலாளிக்குச் செய்தி போய்விடும். அந்த ஆள் மூக்குக்குப் பொருந்தாத கண்ணாடியைக்கூட நன்றாயிருக்கிறது என்று விற்கிறவர், ஆனால் இந்த விஷயத்தில் அவர் எப்படி என்று தெரியவில்லை. தெரியாத இடத்தில் அவள் வேலையைப் பணயம் வைக்க மாட்டேன்.

அதனால் பழியை நான் வைத்துக்கொண்டேன். என்னிடம் ஆங்கிலம் படிக்க வந்த இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். காய்கறிக்காரி மீதிச் சில்லறையை என் கையில் தராமல் பலகையில் வைக்கிறாள். நான் எடுக்காமல் நிற்பேன், கையில் தரும்வரை. இப்போது தருகிறாள். உன் சித்தி வந்தபோது பையிலிருந்து தன் தம்ளரை எடுத்தாள்! “அக்கா, தப்பா நெனச்சுக்காத, டாக்டர் எனக்குச் சூடு ஆகாதுன்னுட்டாரு, அதான் சொந்தத் தம்ளர்” என்று உளறினாள். அந்தத் தம்ளரிலேயே கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கொடுத்தேன். “வயசான காலத்துல இதெல்லாம் எப்படிக்கா?” என்றும் கேட்டாள். அவள் கேட்டதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. உன் அப்பாவின் படத்தைப் பார்த்தேன். அவரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். சிஸ்டர்கள் இதையும் பொய்க் கணக்கில்தான் சேர்ப்பார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் மனைவிக்கு இது பொறுக்கவில்லை. “உங்க மானத்த வாங்கிட்டேனே அத்தை, நான் போய்ச் சொல்லிடறேன்” என்று செருப்பை மாட்டினாள். உன் விஷயத்தை உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல், என் மானத்துக்காகச் சொல்லாதே என்று செருப்பைக் கழற்ற வைத்தேன்.

இனி உன் பங்கு.

முதல் சோதனையில் அவளுக்கு இல்லை. இரண்டாவதில் இருந்தது. நடுவில் நீ விடுமுறைக்கு வந்தாய். காய்ச்சலோடு வந்தாய். கழுத்தில் நெறி கட்டியிருந்தது, முதுகில் தடிப்பு இருந்தது. தண்ணீர் மாறியதால் என்றாய். நானும் நம்பி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். இதை டாக்டரம்மாவிடம் சொன்னபோது, கிருமி புதிதாக நுழைந்த நாட்களில் இப்படி வருவது உண்டு, அந்த நாட்களில்தான் அது மற்றவருக்கு எளிதாகத் தொற்றும், ஆனால் வேறு காய்ச்சலிலும் இப்படி வரலாம், சோதனைதான் சொல்லும் என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். அதற்கு மேல் நான் எதையும் சேர்க்கவில்லை. அவள் கடையையும் வீட்டையும் தவிர எங்கும் போகவில்லை என்று நான் சாட்சி சொல்லப் போவதும் இல்லை. அவளுக்குச் சாட்சி தேவையில்லை.

எந்தத் துறைமுகம், யார், எப்போது என்று நான் கேட்கவில்லை. எனக்கு அது வேண்டாம். உன் மனைவி ஒரு நாள் கேட்டால் அவளிடம் சொல், அது உங்கள் இருவருக்குள். நான் உன் அம்மா, போலீஸ் இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: அடுத்த துறைமுகத்தில் இறங்கியதும் ஒரு மருத்துவமனைக்குப் போய் இரத்தம் கொடு. இருந்தால் உனக்கும் மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள், கிழவனாகிறார்கள். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. அடுத்து நீ வீட்டுக்கு வரும்போது தெரிந்துகொண்டு வா.

நீ ஊசிக்குப் பயப்படுவாய் என்று எனக்குத் தெரியும். நம் தட்டச்சுப் பள்ளிக்குத் தடுப்பூசி போட வந்தபோது மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டாய், உன் அப்பா காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. இப்போது எந்திர அறையில் அத்தனை பெரிய எந்திரங்களை ஆள்கிறாய். மேசைக்கு அடியில் இனி இடம் இல்லை, உன் கால் நீளமாகிவிட்டது.

இதையெல்லாம் அவளே தொலைபேசியில் முகம் பார்த்துச் சொல்லப் பார்த்தாள். உனக்குப் பின்னால் எந்திரச் சத்தம், நான்கு பேர் எட்டிப்பார்த்துக் கையசைக்கிறார்கள். “சாப்டியா, சாப்டேன்” என்பதோடு வைத்துவிட்டாள். பிறகு என்னிடம் வந்து, “நீங்க எழுதுங்க அத்தை, நீங்க எழுதினா அவரு ஒழுங்காப் படிப்பாரு” என்றாள். அவள் சொல்லித்தான் எழுதுகிறேன். இதுவரை எழுதியதை இப்போது அவளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

படித்தேன். ஒரு வரியை அடிக்கச் சொன்னாள், அடித்துவிட்டேன். மேலே அடர்த்தியாக மை பூசியிருப்பது அதுதான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே. உன்னைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாக எழுதியிருந்தேன், அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒன்று சேர்க்கச் சொன்னாள், அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்: “விரல் நுனியிலதான் குத்துவாங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு சொல்லுங்க. நான் குத்தும்போது வேற பக்கம் பாத்துக்கிட்டேன், அவரையும் அப்படிப் பாத்துக்கச் சொல்லுங்க.”

பிள்ளை நன்றாக உதைக்கிறது. மணி அடிக்கும்போது அதிகமாக உதைக்கிறதாம். ஒழுங்கு தெரிந்த பிள்ளை, என் பக்கம் போலிருக்கிறது.

கடைசியாக ஒன்று. இந்த வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாம் என் பெயருக்குத்தான் வரும். அது நான் வைத்த வழக்கம். நான்தான் பிரித்து, உரக்கப் படித்து, தவறுகளைச் சிவப்பு மையில் திருத்தி அடுக்கி வைப்பேன். உன் கடிதங்களில் அவளுக்கு வருவதெல்லாம் கடைசி வரிதான்: மற்றவர்களையும் விசாரித்ததாகச் சொல்லவும். அந்த மற்றவர்கள் ஒரே ஒருத்திதான், என் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். கடைசி வரி வந்ததும் எழுந்து போவாள்.

இந்த முறை எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது. சோதனையில் என்ன வந்தது என்று எழுது. பிரசவத்துக்கு வருவாயா என்று எழுது. அவள் துண்டுக்குள்ளிருந்து கேட்டாளே, அந்தக் கேள்விக்குப் பதில் எழுது. ஒரு பக்கம் போதும். பிழை இருந்தாலும் பரவாயில்லை. உறையின் மேல் அவள் பெயரை, முழுப்பெயராக, உன் கையால் எழுது. தபால்காரர் பழக்கத்தில் என்னிடம்தான் நீட்டுவார். நான் வாங்கி, பிரிக்காமல் அவளிடம் கொடுத்துவிட்டு, வெளியே போய்விடுகிறேன்.

நீயும் அவளும் உங்கள் பிள்ளையும் நீண்ட ஆயுளோடு ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும்.

பதில் எழுது.

உன் அம்மா